காணாமல் போன இரண்டு நாள்

"...நேத்து பதினொண்ணாம் நாளு. இன்னைக்கு எடுத்த எடுப்புல பதினாலாம் நாளுங்கிற. நடுவுல ரெண்டு நாளு எங்க போச்சு, டாக்டர் தம்பி?"

கேட்டது ரோசம்மாக்கா. கேட்ட இடம், அந்தமானில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தாமுக்குப் போகிற காலை ஃபெரி. மீன்கூடையை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, முந்தானையால் வேர்வையைத் துடைத்தபடி, நாட்டு நடப்பைப் பேசுகிற குரலில்தான் கேட்டாள். என் கையில் அட்டை இல்லாத ஒரு புத்தகம். ஃபெரியில் இருந்த அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். "பக்கம் கிழிஞ்சுபோச்சுக்கா."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டிப் புத்தகத்தைப் பார்த்தாள்.

"கிழிஞ்ச பக்கத்துக்கு நூலு எதுக்கு தம்பி?"

மாட்டிக்கொண்டேன். அந்த நூலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஃபெரி நடுத் துறைமுகத்தில் நிற்கட்டும். ஒன்றும் ஆகாது. அது நிறைய முறை அப்படி நின்றிருக்கிறது.

நான் என்ன டாக்டர்

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு மூன்று பேர் கடிதம் போட்டுக் கேட்டுவிட்டார்கள், உங்களை ஏன் எல்லோரும் டாக்டர் என்கிறார்கள் என்று. சாத்தாம் மர மில்லில் ரம்பங்களுக்குப் பல் தீட்டி, வளைவு எடுத்து, விரிசல் பார்த்துக் கொடுக்கிறவருக்கு 'சா டாக்டர்' என்று பெயர், இங்கிலீஷில் சா என்றால் ரம்பம். உத்தியோகப் பெயரே அதுதான். நான் அவருக்குக் கையாள். ஆனால் ஃபெரியில் யாரும் கையாளை மதிப்பதில்லை என்பதால், ஜனங்களே பார்த்து எனக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள்.

இது என் சொந்த ஊர் சாத்தூர் வரைக்கும் போய்விட்டது. மகன் அந்தமானில் டாக்டர் என்று அப்பா யாரிடமோ சொல்லிவைக்க, ஊர்க்காரர் ஒருவர் மூலத்துக்கு மருந்து கேட்டு எழுதினார். வெந்நீரில் உட்காருங்கள் என்று பதில் போட்டேன். குணமாகிவிட்டது என்று நன்றி தெரிவித்து மறு கப்பலில் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு நானும் மறுப்பதை விட்டுவிட்டேன்.

படிப்பு ஐந்தாவதோடு முடிந்தது. அப்புறம் என்னைப் படிக்கவைத்தது பலசரக்குக் கடைப் பொட்டலங்கள். கடலைப்பருப்பு கட்டிவந்த காகிதத்தில் ஒரு கதையின் நடு, மிளகாய் கட்டிவந்ததில் இன்னொரு கதையின் முடிவு. இரண்டையும் நானே ஒட்டிக்கொள்வேன். அதனால் தலையும் வாலும் இல்லாத புத்தகம் கையில் கிடைத்தால் எனக்குத் துளியும் கூச்சம் கிடையாது.

பண்டாரியின் சமையல்

இந்தப் புத்தகத்துக்குத் தலை இல்லை. மெயின்லாண்டிலிருந்து வரும் கப்பலில் அடுப்புக்குக் கரி தள்ளுகிற ஒருவர், படுக்கைக்கு அடியில் கிடந்தது என்று சொல்லிக் கொடுத்தார். அட்டை போய், முதல் சில தாள்கள் போய், எழுதியவர் பெயரும் போய்விட்டது. ஆள் மட்டும் மிச்சமிருந்தார்.

அவர் ஒரு பண்டாரி. கப்பலில் சமையல்காரரை அப்படித்தான் சொல்வார்கள். யுத்த காலத்தில் அவர் வேலை பார்த்த கப்பல் முழுகிப்போனது. எட்டுப் பேர் ஓர் உயிர்காப்புப் படகில் பத்தொன்பது நாள் கிடந்தார்கள். அதைத்தான் எழுதியிருந்தார். நாளுக்கு ஓர் அத்தியாயம். கற்பனைக் கதை இல்லை, நடந்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? கதை எழுதுகிறவர் சுறா வரும்போது நாலு பக்கம் எழுதுவார். இந்த மனிதர், "சுறா வந்தது. போய்விட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, ஈரச் சட்டை தோளில் எப்படி உரசிப் புண்ணாக்கியது என்று இரண்டு பக்கம் எழுதுகிறார்.

படகில் இருந்தது கொஞ்சம் பிஸ்கட், கொஞ்சம் தண்ணீர். சமைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் மனிதர் வேலையை விடவில்லை. தினமும் உச்சிவேளையில் எட்டுப் பேருக்கும் வாயாலேயே சமைத்துப் போட்டிருக்கிறார். அடுப்பு மூட்டுவது முதல் இலை எடுப்பது வரை ஒன்றையும் விடாமல் சொல்வார். ஒரு நாள் இறால் தொக்கு. ஒரு நாள் சுறாப் புட்டு. படகில் எண்ணெய்க்காரர் ஒருவர் உண்டு. கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற உத்தியோகம். அவருக்கு எந்தச் சமையலும் பிடிக்காது. "உப்பு கூட" என்பார். உதடு வெடித்துக் கிடக்கிற மனிதர், இல்லாத குழம்பில் உப்பு கூட என்று தினமும் சண்டை பிடித்திருக்கிறார்.

முதலில் ஃபெரியில் நான் எனக்குள்தான் படித்துக்கொண்டிருந்தேன். உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, "ஒத்தையில மெல்லாத தம்பி, எங்களுக்கும் குடு" என்றாள் ரோசம்மாக்கா. அன்றிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். ஒரு நடைக்கு ஒரு நாள். தமிழ் தெரியாதவர்களுக்கு நடுநடுவே இந்தியில் சொல்வேன். என் இந்தி ரம்பப் பல் மாதிரி, ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், ஒன்று அந்தப் பக்கம். ஆனாலும் அறுத்துவிடும்.

காய்கறி கொண்டுபோகிற வங்காளி ஒருவர் இருந்தார், அண்ணன் என்கிற அர்த்தத்தில் அவரை தாதா என்போம். மீன் குழம்பு என்று வந்தால் போதும், "ஸர்ஸோ நஹீ டாலா?" என்று கேட்பார். கடுகு அரைத்து விடாமல் என்ன மீன் குழம்பு என்பது அவர் ஆதங்கம். பண்டாரிமேல் அவருக்குக் கடைசிவரை அந்த ஒரு குறைதான்.

ஃபெரி ஓட்டுகிற சாரங், அலவி காக்கா. மலபாரிலிருந்து வந்த மாப்பிள்ளைமார் குடும்பம், பிறந்ததே பாம்பூஃப்ளாட். அத்தியாயம் நீளமாக இருந்தால் எஞ்சினைக் குறைத்துவிடுவார். ஆபீசுக்குப் போகிற பாபு ஒருவர் ஏன் லேட் என்று எழுந்து நின்று கேட்டார். "லெஹர் ஜாஸ்தி ஹை, பாபு" என்றார் காக்கா, அலை அதிகம் என்று. அன்றைக்குத் துறைமுகம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. பாபு கடலைப் பார்த்தார், காக்காவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்து, "சுறாப் புட்டு வரைக்கும் வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு தம்ளர் தண்ணீர்

என்னையும் அந்தப் புத்தகம் சும்மா விடவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்னக் குவளைத் தண்ணீர் என்று எட்டாம் நாள் வருகிறது. நம்மால் முடியுமா என்று ஒரு கேள்வி நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள், ஒரே ஒரு தம்ளர் என்று வீம்பு பண்ணிக்கொண்டு மில்லுக்குப் போனேன். தம்ளரை ஏழு மணிக்கே குடித்தாயிற்று. பத்து மணிக்கு நாக்கு அட்டை மாதிரி ஆனது. பதினோரு மணிக்கு, பழுக்கக் காய்ந்த ரம்பத்தை முக்கி எடுக்கிற தொட்டித் தண்ணீரை நான் பார்த்த பார்வையைக் கண்டு, சா டாக்டரே என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஃபெரியில் இதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ரோசம்மாக்கா சிரிக்கவில்லை. "எத்தன மணி நேரம் தாங்குன?" என்று கேட்டாள். நாலு மணி நேரம் என்றேன். ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் வீம்பு எவ்வளவு மட்டமானது என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதற்கு வருகிறேன்.

கேட்காத ஊர்

எங்கள் தீவில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாரிடமும் பழங்கதை கேட்க மாட்டார்கள். ஏன் வந்தாய், எதை விட்டு வந்தாய், உன் தாத்தா எந்த வழக்கில் வந்தார் என்றெல்லாம் கேட்பது மரியாதை இல்லை. பர்மாவிலிருந்து வந்தவர், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர், கைதியாக வந்தவரின் பேரன் என்று எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்போம். மழையைப் பற்றிப் பேசுவோம். கப்பல் எப்போது வரும் என்று பேசுவோம். அவ்வளவுதான். அவரவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். புதிதாக வந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒருவரிடம் கேட்டுவிட்டு, ஒரு மாதம் அந்த பெஞ்சில் இடம் கிடைக்காமல் அலைந்தேன்.

நல்ல வழக்கம்தான். ஆனால் எல்லா நல்ல வழக்கத்துக்கும் அடியில் யாராவது ஒருவர் நசுங்கிக் கிடப்பார்.

ரோசம்மாக்கா புருஷன் அந்தோணி. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். அவரும் சவரி என்கிற கூட்டாளியும் ஒரு திங்கட்கிழமை விடியுமுன் டோங்கியில் வலை எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் சின்னப் படகை டோங்கி என்போம். காற்று மாறியது. பாய் கிழிந்தது, துடுப்பு போனது. ஒன்பதாம் நாள், கார் நிக்கோபார் போகிற கப்பல் ஒன்று டோங்கியைப் பார்த்து ஆளைத் தூக்கியது. உள்ளே சவரியண்ணன் மட்டும் இருந்தார்.

அவரைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு அக்கா படகு நிற்கிற ஜெட்டிக்கு ஓடினாளாம். "எங்க?" என்று மட்டும் கேட்டாளாம். அண்ணனுக்குக் குரல் போயிருந்தது. தலையை ஆட்டியிருக்கிறார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு குரல் வந்தது. ஆனால் அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்பது மரியாதை இல்லை.

சவரியண்ணன் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, பாம்பூஃப்ளாட் ஜெட்டிக்கு எதிரே டீக்கடை போட்டார். ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது. அக்கா தினமும் ஃபெரிக்கு வருகிறவள். அந்தக் கடையைத் தாண்டாமல் பின்பக்கச் சந்தில் சுற்றித்தான் வருவாள். அவள் வீட்டு வாசலில் வாரம் ஒரு கட்டு விறகு கிடக்கும். யார் போட்டது என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதையும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஓர் இடத்தில் இந்தக் கேட்காத வழக்கம் உதவாது. இறந்தவருக்கு மாதா கோயிலில் வருஷப் பூசை வைக்க வேண்டும். என்றைக்கு இறந்தார்? அக்காவுக்குத் தெரியாது. அதனால் அவள் என்ன செய்தாள் தெரியுமா? போன நாளிலிருந்து சவரியண்ணன் திரும்பிய நாள் வரை, ஒன்பது நாளும் பூசை கேட்பாள். ஒவ்வொரு வருஷமும் ஒன்பது நாள் காலையில் அந்தோணியின் பெயர் வாசிக்கப்படும். புதிதாக வந்த சாமியார், "இந்த அந்தோணி எத்தனை முறை செத்தார்?" என்று கேட்டாராம், பாவம், விவரம் தெரியாமல். "அதத்தான் சாமி நானும் தேடுதேன்" என்றாளாம் அக்கா.

இப்படிப்பட்டவளிடம் போய்தான் நான் இரண்டு நாளை ஒளித்தேன்.

நூல்

முந்தின நாள் சாயங்காலம், மில் விட்டு வரும்போது முன்கூட்டிப் படித்துவிட்டேன். பதினொன்றாம் நாள் வரை எட்டுப் பேரும் உயிரோடு இருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் எண்ணெய்க்காரர் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நாள் அவர் இல்லை.

இதை எப்படி அந்தக் கூடைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு படிப்பது? புத்தகத்தை எடுத்துக்கொண்டு சவரியண்ணன் கடைக்குப் போனேன்.

தினமும் சாயங்காலம், காலையில் ஃபெரியில் படித்ததை அவரிடம் சொல்வது என் வழக்கம். அவர் திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பார். கேட்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சில அத்தியாயங்களின்போது ஒரே டீக்கு இரண்டு தடவை சர்க்கரை விழும். அதை வைத்துப் புரிந்துகொள்வேன்.

"அண்ணே, அடுத்து வார ரெண்டு நாளும் வேண்டாம்னு நினைக்கேன். தாண்டிருவோமா?" என்றேன்.

அண்ணன் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினார். "நல்லது" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். தவறி விரல் பட்டுப் புரண்டுவிடக் கூடாதே என்று அந்தத் தாள்களைச் சேர்த்து வெள்ளை நூலால் தைத்தேன். உடைந்த பல்லை ராவி ஓரம் கட்டினால் ரம்பம் ஓடும். புத்தகமும் ஓடும் என்று நினைத்தேன். பதினான்காம் நாள் மழை பெய்கிறது. அங்கே எல்லோரும் மழையில் நனைந்து கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, ஒருத்தர் குறைவது யார் கண்ணில் படும்?

வருஷத்துக்கு ஒன்பது நாளை விரல் மடக்கி எண்ணுகிறவள் கண்ணில் படும்.

பதின்மூன்றாம் நாள் ரசம்

இப்போது ஃபெரிக்கு வருகிறேன்.

கிழிந்த பக்கத்துக்கு நூல் எதற்கு என்று கேட்டாள் இல்லையா, நான் புத்தகத்தை மூடப் பார்த்தேன். தாதா இந்தியில் தன் பங்குக்கு பாரஹ், தேரஹ் என்று பன்னிரண்டையும் பதின்மூன்றையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அக்கா கூடையின் ஓரத்தில் சொருகியிருந்த மீன் வெட்டுகிற சூரியை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்து, ஒவ்வொரு தையலாக அறுத்தாள். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. செதில் ஒன்று மட்டும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

"எனக்காகத்தான் தச்சிருக்க, தெரியுது" என்றாள். "நல்ல மனசு. இப்ப படி."

படித்தேன். குரல் எழும்பவில்லை. அலவி காக்கா எஞ்சினை நிறுத்தியே விட்டார்.

பன்னிரண்டாம் நாள் முழுக்க எண்ணெய்க்காரர் கண்ணை மூடிக் கிடக்கிறார். பதின்மூன்றாம் நாள் காலையில் கண் திறந்து, இன்றைக்கு என்ன என்று கேட்கிறார். உச்சிவேளைக்குக் காத்திருக்க முடியாது என்று பண்டாரிக்குத் தெரிந்துவிடுகிறது. ரசம் என்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு புளியைக் கரைக்கிறார், தக்காளியைப் பிசைகிறார், மிளகும் சீரகமும் தட்டிப் போடுகிறார். அடுப்பில் நுரை கட்டுகிறது. இறக்கி வைத்துக் கரண்டியில் நெய் ஊற்றுகிறார். அதற்குப் பிறகு அந்த மனிதர் எழுதியிருந்ததை, இத்தனை வருஷம் கழித்தும் பார்க்காமலே சொல்வேன்:

"கடுகு வெடிப்பதற்குள் அவர் கை தளர்ந்துவிட்டது. பாதியில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தாளித்துக் கொட்டினேன். கொத்தமல்லி கிள்ளிப் போட்டேன். மூடி வைத்தேன். அதன் பிறகுதான் மற்றவர்களிடம் சொன்னேன்."

அதோடு அத்தியாயம் முடியவில்லை. கரை சேர்ந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விட்டதும், பண்டாரி தன் வீட்டுக்குப் போகவில்லை. எண்ணெய்க்காரரின் ஊரை விசாரித்துக்கொண்டு போகிறார். அவர் மனைவியிடம் எந்த நாள், எந்த வேளை, என்ன பேசினார், எந்தத் திசையில் விட்டோம் எல்லாவற்றையும் சொல்கிறார். அந்த அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "உப்பு சரியா இருந்துச்சாமா?" என்று கேட்கிறாள்.

படித்து முடித்தேன். ஃபெரி தன் பாட்டுக்குத் தண்ணீரில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. தாதா மூக்கைச் சிந்தினார். ஆபீஸ் பாபு குடையின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோசம்மாக்கா புத்தகத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தப் பொம்பள குடுத்துவச்சவ" என்றாள். "வந்து சொன்னானே."

அப்புறம், எங்களில் யாரையும் பார்க்காமல், "நானும் கேக்கலியே" என்றாள்.

அலவி காக்கா எஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோனார். "ஹோ கயா? அப் சலே?" முடிந்ததா, போகலாமா என்று.

திரும்பும் ஃபெரி

சாத்தாமில் எல்லோரும் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. பத்துபஸ்தியில் அவளுக்கு வாடிக்கை வீடுகள். ஏழெட்டு அடுக்களைகளில் அரைத்த மசாலாவோடு காத்திருப்பார்கள். புத்தகம் அவள் மடியில்தான் இருந்தது. மில் சங்கு ஊதியது. புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்குவதா, கேட்காமல் இறங்குவதா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்பதற்குள் ஃபெரி கட்டவிழ்த்துவிட்டது. அன்றைக்கு மில்லில் ரம்பங்கள் மொக்கையாகவே அறுத்திருக்கும்.

திரும்பும்போது அலவி காக்கா, இதுவரை யாரும் பார்த்திராத வேகத்தில் ஓட்டினார்.

பாம்பூஃப்ளாட்டில் இறங்கியதும் கூடையை என் கையில் கொடுத்துவிட்டு நேராக நடந்தாள். சந்துப் பக்கம் திரும்பவில்லை. நான் பின்னால் ஓடினேன். ரம்பத்துக்கு வைத்தியம் பார்க்கிறவன் வௌவால் மீனைச் சுமந்துகொண்டு போவதை ஜெட்டியே வேடிக்கை பார்த்தது.

கடையில் காலைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. சவரியண்ணன் அவளைப் பார்த்தார். அவள் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தாள். "அண்ணே, ஒங்க ஒம்பது நாளையும் சொல்லுங்க. ஒண்ணையும் தாண்ட வேண்டாம். நா எந்திரிச்சுப் போகமாட்டேன்."

அண்ணன் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே இருந்தார். பால் பொங்கி வழிந்தது. இறக்கத் தோன்றவில்லை அவருக்கு. கடைசியில் வந்த முதல் வார்த்தை இதுதான்:

"வலைய நாந்தான் தொலைச்சேன், ரோசம்மா."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சொன்னார். அது புது வலை. அக்கா நாள்கணக்கில் உட்கார்ந்து பின்னியது. முதல் நாளே காற்றில் போய்விட்டது. நாலாம் நாள் வரை அந்தோணிக்கு இருந்த கவலையெல்லாம் அதுதான். வலையைத் தொலைத்துவிட்டு வந்தால் அவள் ஏசுவாள், நீ தொலைத்ததாகச் சொல்லிவிடுடே என்று சவரியண்ணனிடம் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். சத்தியம்கூட வாங்கியிருக்கிறார்.

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, மேலே சொல்லுங்கள் என்று கையைக் காட்டினாள்.

சொன்னார். ஒவ்வொரு நாளாகச் சொன்னார். நடுவில் இரண்டு பேர் டீ குடிக்க வந்தார்கள். நான் கூடையோடு வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இங்கே டீ இல்லை என்று தாங்களாகவே புரிந்துகொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் அந்தோணி பேச்சை நிறுத்தினார். ஆறாம் நாள், சனிக்கிழமை, விடிவெள்ளி இருக்கும்போதே முடிந்துவிட்டது. சவரியண்ணனுக்கு ஜெபம் சொல்லக் குரல் இல்லை. கடல் தண்ணீரைக் கட்டைவிரலில் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, கிழக்கே விட்டார்.

"சனிதானா? நல்லாத் தெரியுமா?" என்று அக்கா கேட்டாள்.

தெரியும் என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமும் எதைச் சொல்ல முடியாமல் விறகுக் கட்டாகப் போட்டுக்கொண்டிருந்தாரோ, அது இப்போதுதான் வந்தது.

"மழ ஞாயித்துக்கெழம வந்துச்சு, ரோசம்மா. ஒரே ஒரு நாளு பிந்திப்போச்சு. டோங்கி நெறயத் தண்ணி. நா ஒருத்தனா குடிச்சேன். ஒங்கிட்ட வந்து அத நா எப்பிடிச் சொல்லுவேன்?"

வெளியே ஃபெரி அடுத்த நடைக்குச் சங்கு ஊதியது.

அக்கா எழுந்தாள். போகமாட்டேன் என்று சொன்னவள் எழுந்துவிட்டாளே என்று எனக்குத் திக்கென்றது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கடைக்குள்ளே போனாள். பானையின் மூடியைத் திறந்து, ஒரு செம்பு தண்ணீர் மொண்டாள். மேடையைப் பிடித்திருந்த அவர் கையைப் பிரித்து அதில் செம்பை வைத்தாள். அவர் குடித்து முடிக்கிறவரைக்கும், அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றாள்.